இரக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு

உழவர் குடும்பத்தில் பிறந்த புனித வின்சென்ட் டி போல் அடிகளார், 1617ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ஷத்தியோன் என்னும் சிற்றூரில் பங்குத்தந்தையாயிருந்தார். ஆகஸ்ட் மாதத்து ஞாயிறொன்றில், திருப்பலிக்கு ஆயத்தமாகையில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டார் அனைவரும் நோயுற்று உதவுவாரின்றிக் கிடக்கும் செய்தி அவரை எட்டியது. மறையுரையில் அதனை உருக்கமாக எடுத்துரைத்தார். பிற்பகலில் அவ்வீட்டை நோக்கிச் சென்றபோது, உணவு கொண்டுசெல்வோரும் கொடுத்துத் திரும்புவோருமாக வழி நிறைந்திருந்தது.

மகிழவேண்டிய காட்சிதான். அடிகளாரோ கணக்குப் பார்த்தார். இன்று குவிந்த உணவு நாளை கெட்டுவிடும். அடுத்த நாள் அக்குடும்பம் மீண்டும் பசித்திருக்கும். ஊராரிடம் இரக்கம் குறையவில்லை, முறைதான் இல்லை.

சில நாள்களிலேயே அவ்வூர்ப் பெண்மணிகளை ஒன்றுகூட்டி, ஆளுக்கொரு நாளாக முறைவைத்துச் சமைத்துக் கொடுக்கச் செய்தார். பொருளாளர் ஒருவரும் நியமிக்கப்பட்டார். (நம் பங்குகளில் அவர் பெயரால் இயங்கும் சபை இதுவன்று, அது 1833இல் பாரிசில் தோன்றியது.) 1660இல் அவர் இறக்குமுன் இத்தகைய குழுக்கள் பல ஊர்களில் எழுந்திருந்தன.

ஷத்தியோனில் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று என்னை வியக்கவைப்பது. உணவு கொண்டுசெல்பவர் துணையுள்ள நோயாளரிடம் முதலிலும், தனித்துக் கிடப்பவரிடம் இறுதியிலும் செல்லவேண்டும். அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்கமுடியும்.