பெருந்தலைவரும் பள்ளி உணவும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையைக் கடந்து சாலைக் கடைத்தெருவினுள் நுழைந்தால், அரிசிக் கடைகளும் பலசரக்குக் கடைகளும் நெருங்கிய அவ்வழி ஆரியசாலைக்குக் கொண்டு சேர்க்கும். இன்று சாலை என்றவுடன் வண்டிகள் ஓடும் பாதையே நினைவுக்கு வருகிறது. பழங்காலத்தில் மாணவர்கள் தங்கி, உண்டு, பயிலும் இடத்தையும் அச்சொல் குறித்தது. வலியசாலை, ஆரியசாலை ஆகிய பெயர்கள் புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலையின் நினைவைத் தாங்கியவை என ஆய்வாளர் பலர் கருதுவர். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், காந்தளூரைப் பின்பற்றிப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்க்கு ஒரு சாலை அமைத்ததை அவனுடைய செப்பேடு தெரிவிக்கிறது. ஆயினும் அத்தகைய சாலைகளில் இடம் பெற்றோர் வேதம் பயின்ற சிலரே. உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் தச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் அங்குச் சோறும் இல்லை, எழுத்தும் இல்லை.

படிக்க வரும் பிள்ளை எவராயினும் பசியாற வேண்டும் என்னும் எண்ணம் செயலாவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. அதனைச் செயலாக்கியவர்களுள் முதன்மையான ஒருவர், இளமையில் இதே திருவனந்தபுரத்தில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தவர் என்பது இந்நகரத்தார் பலரும் அறியாத செய்தி. அவரே கர்மவீரர் காமராசர்.

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று முதலில் அழைக்கப்பட்டார். ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். தாயார் தம் நகைகளை விற்று, அப்பணத்தை ஒரு வணிகரிடம் கொடுத்து வைத்து, மாதந்தோறும் கிடைத்த சிறு வட்டியைக் கொண்டு மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்த்தார்.

காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. ஊர்ப் பெண்கள் நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பர். அது பள்ளிக்காகத் திரட்டப்படும். அதனால் பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படிக்க முடிந்தது. தம் வீட்டு உலையில் குறையும் ஒரு பிடி, ஊரார் பிள்ளையின் படிப்பாக மாறும் அந்த ஏற்பாட்டைச் சிறுவர் காமராசர் கண்ணாரக் கண்டார். எனினும் வறுமை அவரை விடவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார்.

கடையில் அவர் மனம் நிலைக்கவில்லை. 1919இல் நிகழ்ந்த சாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி அவரை விடுதலைப் போராட்டத்தின்பால் ஈர்த்தது. அரசியலிலிருந்து பிரிக்க எண்ணிய குடும்பத்தார், திருவனந்தபுரத்தில் மரக்கடை நடத்திய மற்றொரு மாமன் காசிநாராயண நாடாரிடம் அவரை அனுப்பினர். அவர்கள் எண்ணியதற்கு மாறாக, திருவிதாங்கூரில் அப்போதுதான் வைக்கம் போராட்டம் மூண்டது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்த அப்போராட்டத்தில் காமராசரும் பங்கேற்றார். செய்தி அறிந்த வீட்டார் அவரை ஊருக்கே திரும்ப அழைத்துக்கொண்டனர். அதன்பின் உப்பு அறப்போர், வெள்ளையனே வெளியேறு இயக்கம் எனப் பல போராட்டங்களில் ஈடுபட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார்.

1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் அவர் சென்னை மாநில முதலமைச்சரானார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்குமாறு வகுக்கப்பட்டிருந்த திட்டத்தைச் சில வாரங்களிலேயே கைவிட்டார். ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. ஆனால் பள்ளி திறந்தும் பிள்ளைகள் வந்தபாடில்லை. ஒருமுறை சுற்றுப்பயணத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைக் கண்டு, பள்ளிக்குச் செல்லாததன் காரணத்தை அவர் வினவியதாகவும், பள்ளிக்குப் போனால் யார் சோறு போடுவார் என அச்சிறுவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அது எந்த ஊரில் நிகழ்ந்தது என்பதில் சொல்வோர் வேறுபடுவர். எந்த ஊராயினும், மாடு மேய்த்தால் அன்றைய கூழ் உறுதி என்பது அச்சிறுவனின் கணக்கு, அக்கணக்கில் பிழையில்லை.

பள்ளியில் உணவளிக்கும் முயற்சி முற்றிலும் புதியதன்று. 1920இல் பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. தொடக்கக் கல்விக்குரிய பணத்தை உணவுக்குச் செலவிடலாகாது என ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் அது தடைப்பட்டுப் பின்னர் மீண்டும் தொடர்ந்தது. திருவிதாங்கூரிலும் 1940களில் ஏழை மாணவர்க்கு நண்பகல் உணவு அளிக்கப்பட்டது. ஒரு நகரத்திலோ சில பள்ளிகளிலோ நடந்ததை மாநிலம் முழுவதற்கும் கொண்டு செல்லக் காமராசர் துணிந்தார்.

பணம் எங்கே என்னும் வினா உடனே எழுந்தது. பிடியரிசிப் பள்ளியில் படித்தவருக்கு அதற்கான விடை தெரிந்திருந்தது. அரசின் கருவூலத்தை எதிர்பார்த்திராமல் முதலில் ஊராரிடம் கேட்டார். கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களைத் திரட்டினார். சிலர் நெல் தந்தனர். சிலர் காய்கறியும் விறகும் தந்தனர். சிலர் பாத்திரம் வாங்கித் தந்தனர். 1956இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. பின்னர்ச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை அரசு ஏற்க, நாற்பது பங்கை ஊரார் ஏற்றனர். சில ஆண்டுகளில் பல இலட்சம் பிள்ளைகள் பள்ளியில் அமர்ந்து உண்டனர். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டது, உணவை விடப் பெரிய செய்தி எனலாம்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. கருநந்தடக்கன் 95 பேருக்குச் சாலை அமைத்த பார்த்திவசேகரபுரம் அப்போது விளவங்கோடு வட்டத்தில்தான் இருந்தது. அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் காமராசரின் ஆட்சிக்கு உட்பட்டவராயினர்.

1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். 1969இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். 1975ஆம் ஆண்டு அதே அக்டோபர் 2ஆம் நாள் சென்னையில் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவை சில வேட்டி சட்டைகளும் புத்தகங்களும் சிறு தொகையுமே.

மதிய உணவு வந்தபின்னும் காலைப் பசி எஞ்சியிருந்தது. விடியற்காலையில் கூலி வேலைக்குப் புறப்படும் தாய்க்கு அடுப்பு மூட்ட நேரமேது? வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு நண்பகல் மணி அடிக்கும் வரை கரும்பலகை மங்கலாகவே தெரியும். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தமிழ்நாட்டு அரசு காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என நாளுக்கொன்றாகத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது முதல் மணி அடிப்பதற்கு முன்பே பரிமாறப்படுகிறது.