விண்ணிற் பொருத இளைஞன்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் நம் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலை ஆழ்த்திய செய்தியைச் சாய்ந்தமருதிற் கற்பிக்கும்போதெல்லாம், நம்மவருள் விண்ணிற் பொருதவர் எவருமிலரோ என்று மாணாக்கர் வினவுவதுண்டு. நம்மவர் என்னுஞ் சொல்லைக் கடல் கடந்தும் சற்று விரித்துக்கொண்டு, அவர்கட்கு யான் கூறும் பெயர் இந்திரலால் ரோய்.

1898 டிசம்பர் 2ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்த வங்காளி இவர். தந்தையார் வழக்கறிஞர். அன்னையார் லலிதா, 1911இல் இலண்டன் மாநகரில் மாதர் வாக்குரிமை வேண்டி நடந்த ஊர்வலத்தில் இந்தியப் பெண்டிருடன் சென்றவர். தாய் உரிமை கேட்டு நடந்த அதே நகரிலேதான் மைந்தன் கல்வி பயின்றான்.

முதலாம் உலக யுத்தம் மூண்டது. விமானப் படையிற் சேரச் சென்றவரைக் கண்பார்வை போதாதென்று தள்ளினர். தம் மோட்டார்ச் சைக்கிளை விற்று, அப்பொருளைக் கொண்டு பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்வித்து, முன்னைய முடிவை மாற்றுவித்தார் என்பர். 1917 ஜூலையில் அவர் அதிகாரியானார். அக்டோபர் இறுதியில் பிரான்ஸ் போர்முனையை அடைந்தார்.

டிசம்பர் 6ஆம் நாள் அவரது விமானம் வீழ்ந்து நொறுங்கியது. இறந்தாரெனக் கருதிப் பிணவறையிற் கிடத்த, நினைவு மீண்டு கதவைத் தட்டினார் என்றொரு கதை வழங்குகிறது. கதையில் மிகை இருக்கலாம். ஆயின், பறக்கத் தகுதியற்றவரென மருத்துவர் விலக்கிய பின்னரும், நோய்ப்படுக்கையில் விமானங்களைச் சித்திரமாகத் தீட்டிக்கொண்டிருந்து, விடாது மன்றாடி 1918 ஜூனில் அவர் மீண்டும் போர்முனை புகுந்தது வரலாறு. அச்சித்திரங்கள் அழியாது எஞ்சின.

நாற்பதாம் படைப்பிரிவில், மக்எல்ரோய் என்னும் அயர்லாந்துத் தலைவரின்கீழ், ஒருவரே அமர்ந்து ஓட்டியும் சுட்டும் போர்செய்யும் விமானம் அவருக்கு வாய்த்தது. ஜூலை 6 முதல் 19 வரை பதின்மூன்று நாளிற் பத்து வெற்றிகள் அவர் கணக்கில் ஏறின. எட்டாம் நாள் மட்டும் நான்கு மணி நேரத்துள் மூன்று. அக்காலப் பிரித்தானிய விமானிகட்குப் பாரசூட் வழங்கப்படவில்லை என்பதையும் வாசகர் மனங்கொள்ள வேண்டும். வானில் தீப்பற்றின் தப்ப வழியில்லை.

ஜூலை 22ஆம் நாள் கார்வன் என்னும் ஊரின்மேல் ஜேர்மானிய விமானங்களுடன் பொருது வீழ்ந்தார். வயது பத்தொன்பது.

அடிமை நாட்டு மைந்தன் ஆண்டவனின் போரில் உயிர்விடுவதோ என்று வினவுவாருமுளர். வினா நேரியதே. ஆயினும், கண் போதாது, உடல் போதாது என இருமுறை விலக்கியோரின் அணியிலேயே பத்து வெற்றிகளைப் பெற்றுக் காட்டிய அவ்விளைஞனை ஏவலாள் என்றழைக்க என் நா எழவில்லை. விமானப் படையினர்க்குரிய சிறப்புச் சிலுவைப் பதக்கம் செப்டெம்பரில், அவர் மாண்டபின், அறிவிக்கப்பட்டது. இந்தியர் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை.

பிரான்ஸ் நாட்டு எஸ்தெவெல் சிற்றூரில் அவரை அடக்கஞ் செய்தனர். அயல்மண்ணில் நிற்கும் அக்கல்லிற் பிரெஞ்சு மொழியோடு வங்காள எழுத்தும் பொறிக்கப்பட்டுள்ளது.