அறிவியல் கதை மன்னர் எச். ஜி. வெல்ஸ்

வறுமை உடலை வாட்டலாம். அறிவு வேட்கையை வாட்ட இயலாது. இவ்வுண்மைக்கு ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அவர்களின் வாழ்க்கை நல்லதொரு சான்றாகும்.

இங்கிலாந்தில் புரோம்லி என்னும் ஊரில் 1866ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சிறு கடை நடத்தினார். கிரிக்கெட் ஆடியும் பொருள் ஈட்டினார். தாயார் செல்வர் வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர். 1874ஆம் ஆண்டில் சிறுவர் வெல்ஸ் கால் எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். தந்தையார் நூலகத்திலிருந்து நூல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று தொடங்கிய வாசிப்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை.

1877இல் தந்தையாரும் கால் முறிந்ததால் குடும்ப வருவாய் குன்றியது. தாயார் ஒரு மாளிகையில் மீண்டும் பணிக்குச் சேர்ந்தார். மகனைத் துணிக்கடை ஒன்றில் தொழில் பழக அனுப்பி, அதற்குரிய கட்டணத்தையும் அரும்பாடுபட்டுச் செலுத்தினார். அங்கு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வேலை, படிக்க ஓய்வில்லை. மனம் வெதும்பிய வெல்ஸ், ஒரு ஞாயிறன்று ஏறத்தாழ 17 மைல் நடந்து சென்று தாயாரிடம் முறையிட்டார். கட்டிய பணம் வீணாகுமே என்று அத்தாய் கலங்கினார். எனினும் முடிவில் இசைந்தார்.

1883இல் வெல்ஸ் மிட்ஹர்ஸ்ட் பள்ளியில் மாணவ ஆசிரியரானார். மறு ஆண்டே உதவிச் சம்பளம் பெற்று இலண்டன் அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். இடையில் தேர்வில் தோல்வியுற்றார்; ஆயினும் தளராது படித்து 1890இல் பட்டம் பெற்றார்.

அவர் கற்ற அறிவியலே கதைகளாக மலர்ந்தது. 1895இல் ‘கால இயந்திரம்’ வெளிவந்தது. 1897இல் வந்த ‘கண்ணுக்குப் புலப்படா மனிதன்’ படிப்போரை நடுங்க வைத்தது. பண்பற்றவன் கையில் சேர்ந்த அறிவு அவனையே அழிக்கும் என்பதே அதன் உட்பொருள். மறு ஆண்டு வந்த ‘உலகங்களின் போர்’ என்னும் நூலில், செவ்வாய்க் கோளிலிருந்து வந்த கொடிய பகைவரைப் பீரங்கிகள் வீழ்த்தவில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே வீழ்த்தின. ஹக்ஸ்லியின் வகுப்பில் பயின்ற பாடம் வீண்போகவில்லை அன்றோ!

1914இல் ஒரு புதினத்தில் அணுகுண்டைக் கற்பனை செய்து அவர் உலகை எச்சரித்தார். 1945இல் அது உண்மையானதைக் கண்டு, 1946 ஆகஸ்ட் 13இல் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! நூலகத்தை நாடுங்கள், தோல்வி கண்டு துவளாதீர்கள். பெற்றோர்களே! பிள்ளையின் சம்பளமா, படிப்பா என்று எண்ணும் நிலை வரும்போது அந்த ஏழைத் தாயை நினைவு கூருங்கள். அவர் அன்று இசையாதிருப்பின், துணிக்கடையோடு அவ்வறிவு முடங்கியிருக்கும். நம் பிள்ளைகளுள்ளும் வெல்ஸ்கள் இருக்கக்கூடும் என்பதை நாம் மறவாதிருப்போமாக!