3 கத்தாவுக்கு 10 ஆண்டுகள்: கராத்தே ஆசான் ஃபுனாகோஷியின் பொறுமை

கராத்தே வகுப்பில் சேர்ந்த சில மாதங்களிலேயே அடுத்த பட்டை எப்போது கிடைக்கும் என்று பிள்ளைகள் கேட்கத் தொடங்குவது வழக்கம். தேர்வில் ஒருமுறை தவறியதும் பயிற்சியையே விட்டுவிடுவோரும் உண்டு. ஷோடோகான் கராத்தேயின் தந்தை எனப் போற்றப்படும் கிச்சின் ஃபுனாகோஷியோ, பட்டை முறையே இல்லாத காலத்தில் 3 கத்தாக்களைக் கற்க 10 ஆண்டுகள் செலவிட்டவர்.

1868ஆம் ஆண்டு ஒக்கினாவா தீவின் ஷூரி நகரில் குறைமாதக் குழந்தையாகப் பிறந்தார் ஃபுனாகோஷி. இந்தப் பிள்ளை நெடுநாள் தங்காது என்றே குடும்பத்தார் எண்ணினர். தாய்வழித் தாத்தா பாட்டி அவரை வளர்த்தனர். பள்ளித் தோழன் ஒருவரின் தந்தை அங்கோ அசாத்தோ, தீவில் பெயர்பெற்ற கராத்தே ஆசான். நோஞ்சானாக இருந்த ஃபுனாகோஷி அவரிடமே மாணவராகச் சேர்ந்தார்.

அக்காலத்தில் கராத்தே மறைவாகவே கற்பிக்கப்பட்டது. இருட்டியபின் மங்கலான விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆசானின் வீட்டுக்கு நடந்து செல்வார். விடியும் வேளையில்தான் திரும்புவார். இரவெல்லாம் எங்கே போய் வருகிறார் என்று அக்கம்பக்கத்தார் தவறாகப் பேசியதும் உண்டு.

வீட்டு முற்றத்தில் மாணவர் பயிற்சி செய்ய, அசாத்தோ அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரே கத்தாவை வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆசானுக்கு மனநிறைவு ஏற்படும்வரை அடுத்த கத்தாவுக்குப் போக முடியாது. பாராட்டு மிக அரிது. எரிச்சலும் அவமானமும் ஃபுனாகோஷியை வாட்டாமல் இல்லை. ஆனாலும் மறுநாள் இரவு அதே முற்றத்தில் போய் நின்றார். அசாத்தோவின் நண்பரான அங்கோ இத்தோசுவிடமும் பயின்றார். ‘நைஹான்சி’ எனப்படும் 3 கத்தாக்களுக்கே 10 ஆண்டுகள் ஓடின.

இதற்கிடையே, தமக்கே தெரியாமல் அவர் வேறொன்றையும் பெற்றிருந்தார். மருந்தை நம்பி வாழ்ந்த உடல் உரம் பெற்றுவிட்டது. 1888ஆம் ஆண்டு பள்ளி ஆசிரியர் பணியில் சேர்ந்தார். பகலில் பாடம் நடத்துவதும் இரவில் பயில்வதுமாக ஆண்டுகள் கழிந்தன.

1922இல் தோக்கியோவில் நடந்த விளையாட்டுக் கண்காட்சியில் கராத்தேயை அறிமுகப்படுத்த அவர் அனுப்பப்பட்டபோது வயது 53. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ அவரைத் தம் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்தார். ஊர் திரும்ப நினைத்தவர், கலையைப் பரப்பத் தோக்கியோவிலேயே தங்கினார். வருமானம் போதவில்லை. ஒக்கினாவா மாணவர் விடுதியைக் கூட்டிப் பெருக்கி, தோட்டத்தைப் பராமரித்துப் பிழைத்தார். சாப்பாட்டுச் செலவைக் குறைக்க விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்தார். தம்மிடம் பயின்றோருக்கு 1924இல் முதன்முறையாகக் கறுப்புப் பட்டை வழங்கினார்.

முதுமையில் கட்டப்பட்ட ஷோடோகான் பயிற்சிக்கூடம் 1945ஆம் ஆண்டு குண்டுவீச்சில் அழிந்தது. அதே ஆண்டு, தமக்குத் துணையாகக் கற்பித்துவந்த மகன் கிகோவையும் இழந்தார். போருக்குப்பின் மாணவர்கள் மீண்டும் ஒன்றுகூடியபோது, 80 வயதை நெருங்கிய அவரே அவர்களின் ஆசானாக விளங்கினார்.

1957ஆம் ஆண்டு ஏப்ரலில், 88 வயதில் அவர் காலமானார். நெடுநாள் தங்காது என்று கருதப்பட்ட பிள்ளை அவர். இரவு முற்றத்தில் அவர் மெதுவாகக் கற்ற அதே கத்தாக்களை இன்று உலகெங்கும் ஷோடோகான் மாணவர்கள் பயில்கின்றனர்.