வலியின் அருமை சொன்ன வேலூர் டாக்டர்

தலை வலித்தால் மாத்திரை தேடுகிறோம். பல் வலித்தால் உலகமே கசந்து போகிறது. வலி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வலி அடியோடு போய்விட்டால் மனிதன் கதி என்ன ஆகும் என்பதை உலகுக்கு எடுத்துக் காட்டினார் வேலூரில் பணியாற்றிய ஒரு டாக்டர். அவர்தான் பால் பிராண்ட்.

கொல்லிமலைச் சிறுவன்

பிராண்ட் 1914-ம் ஆண்டு பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்த பாதிரிமார். கொல்லிமலை மக்களுக்கு வைத்தியமும் செய்து வந்தார்கள். ஒன்பது வயது வரை பிராண்ட் அந்த மலையில்தான் ஓடியாடி வளர்ந்தார். பிறகு படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் தகப்பனார் மலைக்காய்ச்சலில் இறந்தார். மகனால் கடைசியாக முகம் பார்க்கவும் முடியவில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிராண்ட் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றார். டாக்டருக்குப் படித்தது அதற்குப் பிறகுதான். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். உளி பிடித்த கை இங்கே ஆபரேஷன் கத்தி பிடித்தது.

இரும்புப் பிடி

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல் மடங்கிய கைகளைக் கண்டார். ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். இரும்புப் பிடி! டாக்டருக்கே வலித்தது.

அப்படியானால் சில தசைகள் நன்றாகவே இருக்கின்றன என்று புரிந்துகொண்டார். நல்ல தசையின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி விரலில் இணைத்தார். மடங்கிய விரல் நிமிர்ந்தது. பிச்சை எடுத்த கைகள் தொழில் கற்றன.

எலி கடித்தும் தெரியவில்லை

தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பிராண்ட் அதை ஆராய்ந்தார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று அவருக்குத் திறக்கவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியைப் பிடித்துத் திருகித் திறந்துவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. விரல் கிழிந்து எலும்பு தெரிந்தது. சிறுவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை!

சிலருக்கு இரவோடு இரவாக விரல் காணாமல் போனது. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது, எலி கடிப்பது தெரிந்தது. அதன்பின் நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாததால் காயம் படுகிறது. கவனிக்காத காயம் விரலைத் தின்கிறது. இதுதான் அவர் கண்ட உண்மை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் தோலுக்குப் பெயர் போன ஊர்கள். அந்தப் பாலாற்றுச் சீமையிலேயே, மரத்துப்போன பாதங்களுக்கென்று மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பும் உருவாயிற்று. 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி ஆஸ்பத்திரியிலும் இந்தப் பணி வளர்ந்தது.

தோற்றுப் போன கையுறை

1966-ல் பிராண்ட் அமெரிக்கா சென்றார். அங்கே செயற்கை வலி செய்ய முயன்றார். கையில் அழுத்தம் அதிகமானால் எச்சரிக்கும் கையுறை செய்து பார்த்தார். ஒலி எழுந்தது, யாரும் லட்சியம் செய்யவில்லை. மின்சார அதிர்ச்சி கொடுத்தார், இணைப்பையே துண்டித்தார்கள். வலி என்பது நாம் நினைத்தபோது நிறுத்த முடியாத காவல்காரனாக இருந்தால்தான் பயன் என்று கண்டார்.

உடம்புக்குள்ளே அபினி

அந்தக் காவல்காரனை உடம்பே சற்று நேரம் அமர்த்தவும் செய்யும். 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், அபினி போல வேலை செய்யும் இரண்டு பொருள்களைப் பன்றி மூளையில் கண்டுபிடித்தார்கள். எண்டார்பின் என்பதும் இந்தக் குடும்பமே.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி உண்டு. ஆபத்து வந்தால் அங்கே ஒரே பெரிய புரதம் துண்டாகி, எண்டார்பினும் மற்றொரு ஹார்மோனும் சேர்ந்தே வெளிவருகின்றன. அந்த ஹார்மோன் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியை முடுக்கிவிடுகிறது. அடிபட்டவர் சில சமயம் வலி தெரியாமல் எழுந்து ஓடுவதற்கு இந்த உள்நாட்டு அபினியும் ஒரு காரணம்.

இந்தப் பொருள்கள் வேறு ஹார்மோன்களையும் ஆட்டிவைக்கின்றன. பிள்ளைப்பேற்றுக்கான ஹார்மோனின் சுரப்பைக் குறைக்கின்றன; தாய்ப்பாலுக்கான புரோலாக்டினைக் கூட்டுகின்றன. அபினிப் பழக்கம் உள்ள பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதும் இந்த வழியில்தான்.

உடம்பு தரும் அபினி காவல்காரனைச் சற்றே கண்ணயரச் சொல்கிறது. தொழுநோயோ காவல்காரனையே கொன்றுவிடுகிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பிராண்ட் 1993-ல் வலியைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 2003-ல் தமது 88-வது வயதில் அமெரிக்காவில் காலமானார்.

தொழுநோயை இன்று மருந்தால் குணப்படுத்தலாம். ஆனால் சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போனவர்கள் ஏராளம். அவர்களுக்கும் அதே மெத்தென்ற செருப்புதான் உதவுகிறது. அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், தினமும் இரவில் அவர் உள்ளங்காலைப் பாருங்கள். வலி சொல்லாத சேதியைக் கண் சொல்லட்டும்.