தமிழுக்கு மருத்துவம் கொணர்ந்த டாக்டர் கிரீன்

ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பையைக் கவனித்திருக்கிறீர்களா? ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் புத்தகம் எட்டிப் பார்க்கும். எந்த நோய்க்கு எந்த மருந்து, எவ்வளவு என்று நோயாளியின் கண்ணில் படாமல் புரட்டிக்கொள்ளத்தான்! இப்போது அதன் இடத்தைக் கைப்பேசி பிடித்து வருகிறது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படிப்பட்ட கைந்நூல்களுக்கு 'வாதே மேக்கும்' என்று பெயர். லத்தீன் மொழியில் 'என்னோடு வா' என்று பொருள்.

அந்தக் கைந்நூல்களைத் தமிழில் பேச வைத்தவர் ஓர் அமெரிக்கர் என்றால் வியப்பாக இல்லையா?

சாமுவேல் பிஸ்க் கிரீன் 1822-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மத்தியப் பூங்கா உருவாக முன்னின்று உழைத்த ஆண்ட்ரூ கிரீன் இவருடைய அண்ணன்தான். அண்ணன் மாநகரத்தைக் கட்டினார். தம்பியோ வைத்தியம் படித்து, 1847-ல் அமெரிக்க மிஷன் டாக்டராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் குடியேறினார்.

வந்த மறுவருஷமே மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பாடம் தொடங்கிவிட்டார். கொழும்பில் மருத்துவப் பள்ளி ஏற்பட்டது 1870-ல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை விளங்கும். டான்போர்த், சாப்மன், எவர்ட்ஸ் என்று அவருடைய சீடர்களின் பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அசல் யாழ்ப்பாணத் தமிழ்ப் பிள்ளைகள்! மிஷன் பள்ளியில் இடப்பட்ட பெயர்கள் அவை.

ஆனால் ஒரு சங்கடம் முளைத்தது. ஆங்கிலத்தில் படித்துத் தேறியவர்களைச் சர்க்கார் உத்தியோகம் வா வா என்று அழைத்தது. நல்ல சம்பளம், போனவர்களைக் குறை சொல்ல முடியுமா? காலராவில் தவிக்கும் கிராமம் மட்டும் பழையபடியே டாக்டர் இல்லாமல் கிடந்தது. கிரீன் யோசித்தார். தமிழிலேயே வைத்தியம் படித்தவன் தன் ஊரை விட்டு எங்கே போவான்? 1860-களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர்கள் கோட்டும் சூட்டும் மாட்டிக்கொண்டு அரை ஐரோப்பியராவதும் அவருக்குப் பிடிக்காது.

சரி, தமிழில் பாடம் என்றால் புத்தகம்? பிரசவ வைத்தியம் முன்பே வெளிவந்திருந்தது. சீடர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றில் இறங்கினார். டிரூயிட் எழுதிய அறுவை மருத்துவக் கைந்நூல் 1867-ல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. கிரே எழுதிய உடற்கூற்று நூல் 1872-ல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. ஹூப்பரின் வைத்தியக் கைந்நூல் அதே ஆண்டில் 'வைத்தியாகர'மாக வந்தது. தமிழில் அது கனத்த புத்தகமாகிவிட்டதால், பையில் போட்டிருந்தால் பை கிழிந்திருக்கும்!

நரம்புக்கும் தசைக்கும் ரசாயனப் பொருளுக்கும் பெயர் தேடுவது லேசான காரியமா? முதலில் தமிழில் தேடுவார், இல்லையென்றால் சமஸ்கிருதத்தில், அங்கும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் வார்ப்பார். அப்படித்தான் கெமிஸ்ட்ரி 'கெமிஸ்தம்' ஆனது. இன்று சிரிப்பு வரலாம். ஆனால் கலைச்சொல் இல்லை என்று கையை விரிக்காமல், நோயாளிகளையும் பார்த்துக்கொண்டே சுமார் 4,000 பக்கங்களைத் தமிழில் கொண்டுவந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

உடல் நலிந்து 1873-ல் அவர் தாயகம் திரும்பினார். அங்கேயும் தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் அவரை விடவில்லை. உடலியல் நூலான 'மனுஷ சுகரணம்' வெளியானது 1883-ல். மறு ஆண்டு மே மாதம் வூஸ்டரில் காலமானார். தமிழில் மேல்நாட்டு வைத்தியம் கற்பிக்கும் முயற்சி அவருக்குப் பின் நிலைக்காமல் போயிற்று. அவர் பணிபுரிந்த மானிப்பாயில் கிரீன் நினைவு ஆஸ்பத்திரி இருக்கிறது.

தம் கல்லறையில் என்ன பொறிக்கவேண்டும் என்பதை அவரே சொல்லி வைத்திருந்தார். தாம் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்பது அதில் இடம்பெற வேண்டும் என்பதே அவர் விருப்பம். வூஸ்டரில் அந்தக் கல்லில் அப்படியே பொறித்திருக்கிறார்கள்.