தலைவரே கைவிட்ட கட்சி! தியோடர் ரூஸ்வெல்டின் கதை

அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் என்ற பெயரில் 2 ஜனாதிபதிகள் இருந்தார்கள். இரண்டாவது உலகப் போரின்போது பதவியில் இருந்தவர் பிராங்ளின் ரூஸ்வெல்ட். அவரைப் பலருக்குத் தெரியும். அவருக்கு முன்பே அந்த நாற்காலியில் அமர்ந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். இவர் பிராங்ளினுக்குத் தூரத்து உறவு. பிராங்ளினின் மனைவி எலினார், இவருடைய சொந்தத் தம்பி மகள்.

குழந்தைகள் கட்டிக்கொண்டு தூங்கும் கரடிப் பொம்மைக்கு டெடி என்று பெயர் அல்லவா? அது தியோடரின் செல்லப் பெயர்தான். 1902-ம் ஆண்டு வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிப் போட்டிருந்த ஒரு கரடியைச் சுட மறுத்துவிட்டார். அந்தச் செய்தி நாடெங்கும் பரவியது. பொம்மைக்காரர்கள் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள்.

கரடிக்கு இரங்கிய இந்த மனிதர், ஒரு கட்சியைத் தொடங்கி, அதற்காக நெஞ்சில் குண்டு வாங்கினார். நாலே வருடத்தில் அந்தக் கட்சியைத் தாமே நடுத்தெருவில் விட்டார். அது எப்படி நடந்தது?

ஒரே வீட்டில் 2 சாவு

தியோடர் 1858-ம் ஆண்டு அக்டோபர் 27-ந்தேதி நியூயார்க் நகரில், பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ஆஸ்துமா நோய் அவரை வாட்டியது. இரவில் மூச்சுத் திணறும். உடம்பைத் தேற்றிக்கொள் என்று தந்தை சொல்ல, பையன் தினமும் தேகப்பயிற்சி செய்தான். நோஞ்சான் பிள்ளை, குத்துச்சண்டை போடும் வாலிபன் ஆனான்.

1884-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந்தேதி அவர் வாழ்வில் இடி விழுந்தது. தாயும் மனைவியும் ஒரே நாளில், ஒரே வீட்டில் இறந்தார்கள். மனைவி குழந்தை பெற்று 2 நாள்தான் ஆகியிருந்தது. குழந்தையை அக்காளிடம் ஒப்படைத்துவிட்டு, மேற்கே டக்கோட்டா புல்வெளிக்குப் போய் மாடு மேய்ப்பவர்களோடு வாழ்ந்தார்.

துக்கம் ஆறித் திரும்பினார். மறுமணம் செய்துகொண்டார். நியூயார்க் போலீஸ் கமிஷனர் ஆனார். கியூபா யுத்தத்தில் குதிரைப் படை நடத்தினார். கவர்னர் ஆனார். 1901-ல் உபஜனாதிபதி. அதே ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதி மக்கின்லியை ஒருவன் சுட்டான். அவர் இறந்துபோக, ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனார். அப்போது அவருக்கு வயது 42.

நண்பருக்குக் கொடுத்த நாற்காலி

1904 தேர்தலில் அமோக வெற்றி. அந்த இரவிலேயே, மறுபடி நிற்க மாட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டார். இந்த வாக்குறுதிதான் பிற்காலத்தில் அவர் காலைச் சுற்றிய பாம்பு.

1908-ல் தம் மந்திரியும் உயிர் நண்பருமான டாப்டை நிறுத்தி ஜெயிக்க வைத்தார். டாப்ட் 300 பவுண்டுக்கு மேல் எடை உள்ளவர். சாதுவானவர். நீதிபதி ஆக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. நண்பருக்காகவும் மனைவிக்காகவும் ஜனாதிபதி ஆனார் என்று சொல்லலாம்.

ரூஸ்வெல்ட் நிம்மதியாக ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாடப் போனார். திரும்பி வருவதற்குள் நட்பு கசந்தது. காடுகளைக் காக்க ரூஸ்வெல்ட் நியமித்த கிபர்டு பின்சோவை டாப்ட் வேலையை விட்டு நீக்கினார். 1911-ல் எஃகுக் கம்பெனி மீது டாப்ட் சர்க்கார் வழக்குப் போட்டது. அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குவதை 1907-ல் தடுக்காமல் விட்டவர் ரூஸ்வெல்ட். தம்மை ஏமாளி என்று காட்டுவதாக அவர் கொதித்தார்.

முதல் மனத்தாங்கல்

அப்போது டாப்டை எதிர்த்துக் கட்சிக்குள் கொடி பிடித்தவர் ரூஸ்வெல்ட் அல்ல. விஸ்கான்சின் மாநிலத்து லாபாலெட் என்பவர். ரெயில்வே முதலாளிகளை எதிர்த்து வளர்ந்தவர். சீர்திருத்தவாதிகள் அவர் பின்னால்தான் திரண்டார்கள்.

1912 பிப்ரவரியில், மகளுக்கு ஆபரேஷன் என்ற கவலையில் இருந்த லாபாலெட், பிலடெல்பியாவில் ஒரு விருந்தில் பேச எழுந்தார். பேச்சு தடுமாறியது. சொன்னதையே திரும்பச் சொன்னார். 2 மணி நேரம் ஆகியும் நிறுத்தவில்லை. ஆள் உடைந்துபோனார் என்று பேச்சுக் கிளம்பியது. அவரோடு இருந்தவர்கள் ரூஸ்வெல்ட் பக்கம் ஓடினார்கள். ஏற்கனவே கண்ணை அந்தப் பக்கம் வைத்திருந்தவர்களுக்கு இது நல்ல சாக்கு! லாபாலெட் இதைக் கடைசி வரை மறக்கவில்லை. புதுக் கட்சி பிறந்தபோது அவர் அதன் வாசலைக்கூட மிதிக்கவில்லை.

குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ரூஸ்வெல்ட் 9 மாநிலங்களில் ஜெயித்தார். டாப்டின் சொந்த மாநிலமான ஓகியோவும் அதில் ஒன்று. ஆனால் கட்சி இயந்திரம் டாப்ட் கையில். ஜூன் மாதம் சிகாகோ மாநாட்டில் 254 பிரதிநிதிகள் பற்றித் தகராறு. அதில் 235 பேரை டாப்டுக்கும், வெறும் 19 பேரை ரூஸ்வெல்டுக்கும் கொடுத்தார்கள். திருட்டு என்று ரூஸ்வெல்ட் ஆட்கள் கத்தினார்கள். ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். தனிக் கட்சிக்கு விதை விழுந்தது.

மூஸ் மான் கட்சி

1912 ஆகஸ்டில் அதே சிகாகோவில் முற்போக்குக் கட்சி பிறந்தது. மூஸ் என்பது அந்த நாட்டுக் காடுகளில் திரியும் மிகப் பெரிய மான். உடம்பு எப்படி என்று கேட்டவர்களிடம், ஆண் மூஸ் போல இருக்கிறேன் என்று ரூஸ்வெல்ட் சொன்னார். கட்சிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மாநாடு பஜனை மடம்போல் இருந்தது. பாடினார்கள், அழுதார்கள். பெண்களுக்கு ஓட்டு, 8 மணி நேர வேலை, குழந்தைகளை வேலைக்கு அமர்த்தத் தடை, முதுமையிலும் நோயிலும் உதவி என்று திட்டம் போட்டார்கள். ஏழைகளுக்காக உழைத்த ஜேன் ஆடம்ஸ் அம்மையார் ரூஸ்வெல்டின் பெயரை வழிமொழிந்தார். கலிபோர்னியா கவர்னர் ஹைரம் ஜான்சன் உபஜனாதிபதி வேட்பாளர்.

ஒரு கறையும் விழுந்தது. தெற்கு மாநிலங்களில் இருந்து வந்த நீக்ரோ பிரதிநிதிகளை உள்ளே விடவில்லை. வெள்ளையர் ஓட்டு போய்விடும் என்ற கணக்கு. அந்த ஓட்டும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

இன்னொரு பிளவு முதல் நாளிலேயே கூடவே பிறந்தது. கட்சிக்குப் பணம் கொடுத்தவர் ஜார்ஜ் பெர்கின்ஸ். பெரிய பாங்கி முதலாளி மார்கனின் முன்னாள் கூட்டாளி. எஃகுக் கம்பெனியில் டைரக்டர். பெரிய கம்பெனிகளை ஒடுக்கும் சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்று ஒரு பகுதி மாநாட்டில் வாசிக்கப்பட்டது. அச்சில் வந்த திட்டத்தில் அந்தப் பகுதியைக் காணோம்! பெர்கின்ஸ் அதை எடுக்க வைத்துவிட்டார். கிபர்டு பின்சோவும் அவர் தம்பி ஆமோசும் பல்லைக் கடித்தார்கள். திருவிழாவுக்குப் பந்தல் போட்டவர் சொல்படிதான் சாமி புறப்பாடு என்றால், ஊரார் முணுமுணுக்காமல் இருப்பார்களா?

சட்டைப் பையில் இருந்த பேச்சு

1912 அக்டோபர் 14-ந்தேதி. மில்வாக்கி நகரம். பொதுக்கூட்டத்துக்குப் போகக் காரில் ஏறி நின்ற ரூஸ்வெல்டை ஒருவன் சுட்டான். செத்துப்போன மக்கின்லி கனவில் வந்து பழி வாங்கச் சொன்னதாக அவன் உளறினான். மூன்றாவது முறை யாரும் ஜனாதிபதி ஆகக்கூடாது என்பது அவன் எண்ணம்.

குண்டு நெஞ்சில் பாய்ந்தது. ஆனால் கோட்டுப் பையில் 50 பக்கப் பேச்சு மடித்து வைத்திருந்தது. அதோடு மூக்குக் கண்ணாடியின் இரும்புக் கூடு. இரண்டையும் துளைத்த பிறகு குண்டின் வேகம் குறைந்துவிட்டது. ரூஸ்வெல்ட் வாயில் கை வைத்து இருமிப் பார்த்தார். ரத்தம் வரவில்லை. நுரையீரல் தப்பியது என்று தெரிந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்து, நேராக மேடை ஏறினார். ரத்தம் தோய்ந்த சட்டையோடு சுமார் ஒன்றரை மணி நேரம் பேசினார். அந்தக் குண்டு கடைசி வரை அவர் உடம்பிலேயே இருந்தது.

இப்படிப்பட்ட தலைவருக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று தொண்டர்கள் நினைத்தார்கள். நினைக்க மாட்டார்களா?

தேர்தல் முடிவு வந்தது. ஜனநாயகக் கட்சியின் வில்சனுக்கு சுமார் 63 லட்சம் ஓட்டு. ரூஸ்வெல்டுக்கு 41 லட்சம். டாப்டுக்கு 35 லட்சம். நண்பர்கள் இருவர் ஓட்டையும் கூட்டினால் வில்சனை மிஞ்சும். பிரிந்து நின்றதால் வில்சன் ஜனாதிபதி ஆனார். 2 மாநிலங்களில் மட்டுமே ஜெயித்தவர் டாப்ட். மூன்றாவது கட்சி ஒன்று இரண்டாவது இடத்துக்கு வந்தது அதிசயம்தான்.

வீட்டுக்குள் சண்டை

தோற்ற கட்சியில் சண்டை வராமல் இருக்காது. பத்திரிகை முதலாளி மன்சியும் கட்சிக்குப் பணம் கொடுத்தவர். அவர் தாய்க் கட்சியோடு சேர்ந்துவிடலாம் என்றார். பெர்கின்சை நிர்வாகக் குழுத் தலைவர் பதவியில் இருந்து நீக்குங்கள் என்று 1914-ல் ஆமோஸ் பின்சோ கட்சி நிர்வாகிகளுக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பத்திரிகைகளில் வெளிவந்தது. சந்தி சிரித்தது. ரூஸ்வெல்ட் பெர்கின்ஸ் பக்கம் நின்றார். பணமும் உழைப்பும் தருபவரை எப்படி விரட்டுவது என்பது அவர் நியாயம்.

அந்த வருடத் தொடக்கத்தில் தலைவர் ஊரிலேயே இல்லை. பிரேசில் காட்டில், வரைபடத்தில் இல்லாத ஒரு நதியில் படகு விட்டுக்கொண்டிருந்தார்! காலில் புண், காய்ச்சல். என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று மகனிடம் சொல்லும் அளவுக்கு நிலைமை முற்றியது. எப்படியோ பிழைத்து, எலும்பும் தோலுமாகத் திரும்பினார். அந்த நதிக்கு ரூஸ்வெல்ட் என்றே பெயர் வைத்தார்கள்.

1914 தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. தலை தப்பிய பெரிய ஆள் கலிபோர்னியாவின் ஹைரம் ஜான்சன் ஒருவர்தான்.

சிகாகோவில் வந்த தந்தி

1916 ஜூன். ஐரோப்பாவில் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. வில்சனைத் தோற்கடிப்பது ஒன்றே ரூஸ்வெல்டின் குறி. தனித்து நின்றால் மறுபடி வில்சனே ஜெயிப்பார் என்று அவருக்குத் தெரியும். குடியரசுக் கட்சியும் முற்போக்குக் கட்சியும் ஒரே வாரத்தில் சிகாகோவில் மாநாடு கூட்டின. பழைய கட்சி தம்மையே நிறுத்தாதா என்ற நப்பாசையும் அவருக்கு இருந்தது.

முற்போக்குத் தொண்டர்கள் முதல் நாளே ரூஸ்வெல்டை நிறுத்தத் துடித்தார்கள். பெர்கின்ஸ் இழுத்தடித்தார். ரூஸ்வெல்டின் வீட்டுக்குத் தனி டெலிபோன் வைத்துக்கொண்டு பேசினார். கடைசியில் ரூஸ்வெல்ட் ஒரு யோசனை சொன்னார். நம் இரு கட்சிக்கும் பொதுவாக ஹென்ரி காபட் லாட்ஜை நிறுத்தலாம் என்றார். லாட்ஜ் பழைமைவாதி. தொண்டர்களுக்கு நெருப்பை மிதித்ததுபோல் இருந்தது.

ஜூன் 10-ந்தேதி பொறுமை இழந்து ரூஸ்வெல்டையே தேர்ந்தெடுத்தார்கள். சில நிமிடங்களில் பழைய கட்சி ஹியூசைத் தேர்ந்தெடுத்தது. பிறகு தந்தி வந்தது. இப்போது ஏற்க இயலாது, உடனே பதில் வேண்டும் என்றால் இல்லை என்பதே பதில் என்று அதில் கண்டிருந்தது. கூட்டம் உறைந்தது. சட்டையில் குத்தியிருந்த ரூஸ்வெல்ட் படங்களைப் பிய்த்துத் தரையில் வீசினார்கள். தாய்க் கட்சியில் இருந்த பதவியையும் செல்வாக்கையும் அவரை நம்பி உதறிவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

ரூஸ்வெல்ட் செய்தது தேச நலனுக்காக என்று அவர் தரப்பில் சொல்லலாம். ஆனால் 3 நாள் காக்க வைத்துச் சொன்னாரே, அதை மன்னிப்பது கஷ்டம்.

ஹியூசும் ஜெயிக்கவில்லை. பிரசாரத்துக்கு கலிபோர்னியா போன ஹியூஸ், லாங் பீச்சில் ஒரு ஓட்டலில் தங்கினார். அதே ஓட்டலில் அதே சமயம் ஜான்சனும் இருந்தார். இருவரும் சந்திக்கவில்லை. ஹியூசைச் சுற்றி நின்றவர்கள் ஜான்சனின் பழைய எதிரிகள். ஜான்சன் இருப்பது தமக்குத் தெரியாது என்றார் ஹியூஸ். ஜான்சன் ஆட்கள் நம்பவில்லை. கலிபோர்னியாவில் ஜான்சன் செனட்டராகப் பெரிய வெற்றி பெற்றார். ஹியூஸ் அதே மாநிலத்தில் சுமார் 3,800 ஓட்டில் தோற்றார். அந்த ஒரு மாநிலம் கிடைத்திருந்தால் ஜனாதிபதி ஆகியிருப்பார்!

கல்லறை ஓரத்தில் ஒருவர்

1918 மே மாதம். சிகாகோவில் ஒரு ஓட்டலுக்கு டாப்ட் வந்தார். ரூஸ்வெல்ட் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டார். சாப்பாட்டுக் கூடத்துக்குள் நேராக நடந்து போனார். ரூஸ்வெல்ட் நிமிர்ந்து பார்த்து, எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த ஜூலையில் ரூஸ்வெல்டின் கடைசி மகன் குவென்டின், பிரான்சில் விமானச் சண்டையில் இறந்தான். 1919 ஜனவரி 6-ந்தேதி ரூஸ்வெல்ட் தூக்கத்திலேயே கண் மூடினார். வயது 60.

பனி படர்ந்த குன்றின்மேல் அடக்கம் நடந்தது. எல்லோரும் கலைந்து போனார்கள். கனத்த உடம்புக்காரர் ஒருவர் மட்டும் குழியருகே நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் டாப்ட்.